கேட் நடுவில் ஓர் அண்டாச் சோறு

திருநீறு பூசிய அண்டா போலீஸ்காரன் கண்ணுக்குத் தெரியாது என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். பயந்தவனுக்கு மூளை வேலை செய்யாது. எனக்குப் பயமில்லாத நாளிலும் அது சுமாராகத்தான் வேலை செய்யும்.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு கவளம் சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது. பால்மரம் வெட்டுகிற பெரியவர்கள் எப்படியோ தாங்கினோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வேலிக்கு வெளியே. மத்தியானம் பள்ளி விடும். கேட்டையோ சாயங்காலம் வேலையாட்கள் திரும்பும்போதுதான் திறப்பார்கள். அதுவரை பிள்ளைகள் வேலி ஓரம் உட்கார்ந்து, உள்ளே அடுப்பு புகைவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு பெண்பிள்ளை அங்கேயே மயங்கி விழுந்தது.

மாரியம்மன் கோயிலில் கூடிப் பேசினோம். ரேஷன் அரிசியில் வீட்டுக்கு ஒரு பிடி. பள்ளி விட்டதும் எல்லாப் பிள்ளைக்கும் இலவசமாக ஒரு வேளைச் சோறு. ஆயாக் கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் முனியம்மா சமைப்பாள். கொண்டுபோவது யார் என்றார்கள். "நான்" என்று வாய் சொல்லிவிட்டது. கால்களைக் கேட்கவில்லை.

தள்ளுவண்டியில் அண்டா, அண்டா மேலெல்லாம் திருநீறு. விறகுக்குப் போகிறேன் என்றேன். போலீஸ்காரன் கேட்டைப் பாதி திறந்தான். ஆவி பறக்கும் அண்டாவைப் பார்த்தான். துப்பாக்கியை நீட்டினான்.

தீர்ந்தது என்று நினைத்தேன். சிரம்பான் சிறையில் அடைப்பார்கள், அப்புறம் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவார்கள். எந்த ஊருக்கு? நான் பிறந்ததே இங்கே மம்பாவில். "ஆத்தா, ஓடிப்போகக் காலுக்குப் பலம் கொடு" என்று வேண்டினேன். திருவிழாவில்கூட அப்படி உருகினதில்லை.

ஆத்தா இருந்த பலத்தையும் எடுத்துக்கொண்டாள். திறந்த கேட் நடுவிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.

"பாங்குன்" என்று அதட்டினான், எழுந்திரு என்று.

"முடியாது" என்றேன். சத்தியமாக முடியவில்லை. முட்டி இரண்டும் கழன்றிருந்தன.

வழியனுப்ப வந்து பின்னால் நின்ற பெண்களுக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. முனியம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைக்குழந்தைக்காரிகள் குழந்தையோடு வந்து உட்கார்ந்தார்கள். கேட்டை மூட வழியில்லை.

"அண்ணே, இம்புட்டு தைரியத்த எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றாள் முனியம்மா.

"சும்மா இரு புள்ள. எந்திரிக்க முடியல எனக்கு."

"எந்திரிக்காதீங்க. சோறு வெளிய போகக் கூடாதுன்னா புள்ளைங்க உள்ள வரட்டும் லா. கேட்டத் தொறந்தா என்ன கொறஞ்சுபோகும்?"

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஜீப்பில் வந்தார், கூடவே போலீஸ் சார்ஜன். துரைக்குத் தமிழ் தெரியும். முனியம்மா தன் கேள்வியை அவரிடமும் கேட்டாள். அவர் என்னைப் பார்த்து, "எழுந்து போ. இல்லே, எல்லாரையும் லாரியிலே ஏத்துவேன்" என்றார்.

அதற்குள் என் முட்டிக்கு உயிர் வந்துவிட்டது. எழுந்திருக்கலாம். ஓடவும் செய்யலாம். வேலிக்கு அப்பால் பிள்ளைகள் கம்பியைப் பிடித்தபடி அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தன.

"முடியாது துரை" என்றேன். முதல் தடவை முட்டி சொன்னது. இதை நான் சொன்னேன்.

ஆத்தாளை நம்புகிறவர்களே, கேட்டது கிடைக்கவில்லை என்று அவளோடு கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓடக் கால் கேட்டவனை அவள் உட்கார வைத்தாள். அன்றிலிருந்து யார் எழுந்திரு என்றாலும் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். பயம் இன்னும் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அதோடேயே போய் ஏன் என்று கேளுங்கள். அவள் பார்த்துக்கொள்வாள்.

அன்று துரை சார்ஜனோடு தனியே போய்ப் பேசினார். பிறகு, சோறு வெளியே போகாதவரை சரி என்று கேட்டை முழுசாகத் திறந்தார்கள். பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட்டன. மறுநாளும் பள்ளி விட்ட நேரத்துக்குத் திறந்தார்கள்.