அப்பா பெயர் வேண்டாம்

“பேர்?” என்று கேட்டார், உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடியே.

“நி. சிவகௌரி.”

“அந்த முதல் எழுத்து என்ன?”

“அப்பாவின்ர பேர். நித்தியானந்தன்.”

“சட்டை அவருக்கோ?”

“இல்லை, எனக்கு.”

“அப்ப அவரை ஏன் இதுக்குள்ள கொண்டு வாறாய்?”

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த டண்டினொங்கில் சேலைச் சட்டை தைக்கும் துயெத் அன்ரியோடு எனக்கு வாய்த்த முதல் உரையாடல் இது. அவர் வியட்நாமின் சைகோனில் பிறந்தவர். பேசுவது ஆங்கிலம், என் காதில் அது எங்கள் வீட்டுத் தமிழாகவே விழும். “ஓம்”, “போட்டு வாறன்” இரண்டையும் வாடிக்கையாளர்களிடமிருந்து பொறுக்கி வைத்திருக்கிறார். சட்டையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னால், “மூச்சு விடுற எண்ணம் இல்லையோ?” என்பார். யாருடைய துணியிலும் குத்தும் பெயர்ச் சீட்டில் அப்பன் பெயரோ புருஷன் பெயரோ எழுதமாட்டார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அங்கே போர் முடிந்தபின் அவர் படித்த பள்ளியில், ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் பிள்ளைகள் எழுந்து நின்று அப்பாவின் பழைய வேலையைச் சொல்ல வேண்டும். இவருடைய அப்பா தோற்ற படையில் கப்டன். அப்போது தடுப்பு முகாமில் இருந்தார். “கப்டன்” என்ற பதில் வகுப்பாசிரியைக்குப் போதவில்லை. “மக்களின் எதிரி” என்று மகள் தன் வாயால் சொல்லும்வரை அவளை நிற்கவே வைத்தார். கணிதத்தில் முதலாவதாக வந்த அந்தப் பிள்ளையைப் பல்கலைக்கழகத்தின் வாசலுக்கே விடவில்லை. அப்பா பெயர் ஒன்றே போதுமாயிருந்தது.

அதே ஆசிரியை இப்போது பக்கத்து மல்கிரேவில் தன் மகள் வீட்டில் இருக்கிறார். பழைய மாணவிகள் அவருக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள். கட்டுப்பாடான அந்தக் காலத்துப் பள்ளி வாழ்க்கையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசும்படி துயெத் அன்ரியையும் கேட்டிருக்கிறார்கள். விழா உடைக்கு அளவு கொடுக்க வந்த ஆசிரியைக்கு இவரை அடையாளமே தெரியவில்லை. “நீயும் என்னட்டப் படிச்சனியோ? கெட்டிக்காரியோ?” என்று கேட்டாராம்.

சட்டை தைக்கக் கொடுக்க வந்து கடையில் நின்ற இராஜேஸ்வரி அன்ரி சமாதானம் சொன்னார். “வயசு போன மனிசி. என்ன இருந்தாலும் ரீச்சரெல்லே, விடுங்கோ.”

“அவ என்னைக் கதிரையில இருக்க விட்டவவோ?”

எங்கள் தமிழ் விழாக்களிலும் இதே கதைதான். மாலை, பொன்னாடை, அந்தக் காலத்து ஒழுக்கம் பற்றி நீண்ட பேச்சு. கால் கடுக்க நின்ற பிள்ளையை எந்த மேடையும் தேடுவதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துயெத் அன்ரி உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

“பிள்ளை, எனக்கு ஒரு பேச்சு எழுதித் தா. இங்கிலீஷில வேணும். அவவின்ர பேரப்பிள்ளையள் முன்வரிசையில இருப்பினம், அதுகளுக்கு வியட்நாம் பாஷை விளங்காது. முதல் வரியில என்ர அப்பாவின்ர பேரைப் போடு. முழுப் பேரையும்.”