நுரை மாமா வீட்டு ரத்தப் பரிசோதனை

என் அக்காவின் கணவருக்கு வாய் பேசுவதற்கு முன் கை பேசிவிடும். திறக்காத கதவு, சிக்கிக்கொண்ட குழாய், எதிர்த்துப் பேசும் ஆள், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம். எண்ணெய்க் கிடங்கின் தீயணைப்புப் படையில் அவருக்கு இருபது வருட அனுபவம். அதே படையில் வண்டி ஓட்டுகிறவன் நான். என் கன்னமும் ஒருமுறை வாங்கியிருக்கிறது. அக்காமேல் மட்டும் அவர் கை வைத்ததில்லை. வைத்திருந்தால் இதை நான் சிறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

எண்ணெயில் பிடித்த தீயைத் தண்ணீர் அணைக்காது. நுரையால் போர்த்தி மூச்சுமுட்ட வைக்க வேண்டும். அந்த நுரையைப் பதமாகக் கலப்பதில் மாமாவை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதனால் படையில் அவர் பெயரே நுரை. காலாவதியான நுரைத் திரவத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. நாங்கள் அனுப்புவோமா? கேன் கேனாக வீட்டுக்குத் தூக்கிப்போனோம். பைக் கழுவ, தரை துடைக்க, சட்டை துவைக்க அதுதான். எப்பேர்ப்பட்ட பிசுக்கும் பறந்துவிடும். படைக்காரன் வீட்டில் சோப்புத்தூள் வாங்குவது கேவலம் என்றே நினைத்திருந்தோம். அக்கா பாத்திரம்கூட அதில்தான் தேய்த்தாள்.

அந்த நுரையில் அழியாத ரசாயனம் இருக்கிறது, ரத்தத்தில் ஏறினால் வருடக்கணக்கில் இறங்காது, சிறுநீரகம், தைராய்டு, கொழுப்பு என்று எதிலாவது வம்பு வைக்கலாம் என்று ஒருநாள் கிடங்கு நிர்வாகத்தில் சொன்னார்கள். எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். படையிலேயே மாமாவுக்குத்தான் அதிகம்.

தன்னைப் பற்றி அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் பத்து மாதப் பெண் குழந்தை. அதற்குள்ளும் போயிருக்குமா என்பது ஒன்றுதான் அவரைத் தின்றது. நேராக வீட்டுக்குப் போனார், கோடரியை எடுத்தார், வாசலில் வைத்து முதல் கேனை வெட்டினார். நுரை பொங்கித் தெருச் சாக்கடையில் இறங்கியது. ஊரார் குடிக்கிற தண்ணீரிலும் கலக்கப் பார்க்கிறாரே என்று பாய்ந்து பிடித்தேன். முழங்கையை வீசினார். என் முன்பல் ஒன்று போயிற்று. மீதி நாலு கேனை நான்தான் வாயில் ரத்தத்தோடு கிடங்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குடும்பத்துக்கும் பரிசோதனை செய்யுங்கள் என்று மறுநாள் பாதுகாப்பு அதிகாரியிடம் போய் நின்றார். பட்டியலில் ஊழியர்கள் மட்டும்தான் என்றார் அதிகாரி. அதோடு விட்டிருக்கலாம்.

"உங்க வீட்டம்மாவும் குழந்தையும் என்ன, தீயா அணைச்சாங்க?"

மாமா அவர் தலையைப் பிடித்து மேஜையில் மோதினார். மூக்கெலும்பு நொறுங்கிய சத்தம் வாசலில் நின்ற எனக்கே கேட்டது. பட்டியல் முழுக்க ரத்தம். மாமா மூன்று நாள் லாக்கப்பில் கிடந்தார், வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் சங்கம் மாதக்கணக்கில் மனு எழுதினாலும் நடந்திருக்காதது அடுத்த வாரமே நடந்தது. குடும்பங்களையும் சேர்த்தார்கள். அடித்தது சரி என்று நான் சொல்லவில்லை. தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மாமாவுக்கு மறுபடி ஒரு குப்பி ரத்தம், அக்காவுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. குழந்தையின் நரம்பு கிடைக்காமல் நர்ஸ் மூன்று இடத்தில் குத்தினாள். அது வீறிட்ட வீறிடலில் மாமா சுவரைக் குத்தினார். காரை உதிர்ந்தது, விரலெலும்பும் விரிசல் விட்டது. அங்கேயே கட்டுப் போட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து முடிவைப் படித்தார். மாமாவுக்கு அப்படியே இருந்தது. அக்காவுக்கு அதில் கால்வாசிகூட இல்லை. மாமா மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. குழந்தைக்கு அக்காவைவிட மூன்று மடங்கு இருந்தது.

"அம்மாவுக்கு அது சும்மா குறையலை. வயித்துல இருக்கும்போது கொஞ்சம், அப்புறம் பால்ல கொஞ்சம்னு குழந்தைக்கு இறங்கியிருக்கு."

அக்கா எழுந்து மாமாவை அறைந்தாள். பதினோரு வருடத்தில் முதல் அடி. மறுபடி அறைந்தாள், மறுபடியும். உதடு கிழிந்து சட்டையில் சொட்டியது. அவர் கையைத் தூக்கவே இல்லை. அப்புறம் அதே கையால் அக்கா தன் மார்பிலேயே ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டாள். அப்போதுதான் அவர் கட்டுப் போட்ட கையால் அவள் கையைப் பிடித்தார்.

"என்னைக் கொன்னுகூடப் போடு. புள்ளை பால் குடிக்கிற இடம், அதை அடிக்காத."

டாக்டரம்மா அவசரப்படாமல் எடுத்துச் சொன்னார். இதை எடுக்க மருந்து இல்லை. குழந்தை வளர வளர மெல்லக் குறையும். இந்த ரசாயனம் தடுப்பூசியின் பலனைக் குறைக்கலாம், அதனால் ஒன்றுகூடத் தவறக் கூடாது. அந்தக் கேன் இனி வீட்டுப் பக்கமே வரக் கூடாது. இந்தக் களேபரத்தில் குழந்தை பசியெடுத்து அலற ஆரம்பித்தது. அக்கா அதைத் தூக்காமல் நின்றாள்.

"பாலை நிறுத்திடட்டுமா?"

"வேண்டாம்மா. கெடுதலைவிட அதுல நல்லது ரொம்ப அதிகம். என் குழந்தையா இருந்தா நான் குடுப்பேன்."

அக்கா குழந்தையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அது வழக்கம்போல அவசர அவசரமாகக் குடித்தது. அது விழுங்கும் ஒவ்வொரு மிடறுக்கும் அக்காவின் முதுகு குலுங்கியது.