கிணற்றடிக்கு ஒரு வேலி

பக்கத்து வீட்டு அண்ணன் பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எங்கள் கிணற்றடியைப் பார்த்து உட்காருவார். மடியில் பேப்பர் இருக்கும், பக்கம் புரளாது. நான் துணி துவைத்தாலும் தலை துவட்டினாலும் அந்தப் பார்வை முதுகில் ஊரும்.

கணவருக்குக் கல்ஃபில் வேலை. சுவர் கட்டலாமா என்று போனில் கேட்டால், "அண்ணன் என்ன நெனைப்பாரு?" என்பார். சரிதான், உயிர்வேலி நட்டால் யார் என்ன நினைக்க முடியும்? ஆனி மழையில் வீடு வீடாகப் போய்க் கம்பு கேட்டு வாங்கினேன். செம்பருத்தி, தெச்சி, ஆடாதோடை. எந்த மாதமும் ஏதாவது ஒன்று பூக்க வேண்டும் என்று ஆசை வேறு.

நட ஆரம்பித்த அன்று அண்ணனே ஒரு கட்டு சீமைக்கொன்னைக் கம்போடு வந்து நின்றார்.

"கெணத்தடில நான் நட்டுத் தாறேன் மக்கா. எனக்க கைராசி ஊருக்கே தெரியும்லா."

கைராசிக்காரர் தானாக வந்து நடுகிறேன் என்றால் எங்கள் பக்கம் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. இந்த மனுஷரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஐப்பசிக்குள் கொன்னை தலைக்கு மேல் அடைத்து வளர்ந்துவிட்டது. நாற்காலி கண்ணில் படவில்லை. துவைக்கிற கல்லில் சும்மா உட்கார்ந்து பாட்டு முணுமுணுக்கத் தொடங்கினேன். அவ்வளவு நிம்மதி.

தை பிறந்ததும் கொன்னையின் இலை பழுத்தது. தண்ணீர் போதவில்லையோ என்று குடம் குடமாக ஊற்றினேன். மற்றச் செடிகளெல்லாம் பச்சையாக நிற்க, கிணற்றுக்கு நேரே மட்டும் இலை கொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் வெறும் கம்பும் இளஞ்சிவப்புப் பூவும்தான் மிச்சம். ரோட்டில் போகிறவர்கள் நின்று அழகு பார்த்தார்கள். நான் பார்த்தது கம்புகளுக்கு இடையே தெரிந்த நாற்காலியை. முன்பைவிடப் பக்கத்தில் கிடந்தது.

மறுநாள் காலை ஆத்திரத்தோடு வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். முதல் கம்பைப் பிடிக்கும்போதே போன் அடித்தது. கணவர். வேலை நேரத்தில் அவர் கூப்பிடுவதே இல்லை.

"வெட்டுக்கத்தியக் கீழ வை" என்றார்.

நான் இன்னும் ஹலோகூடச் சொல்லவில்லை.

"கொன்னையத் தொடப்பிடாது கேட்டியா. எல உதிரும்னு தெரிஞ்சுதான் அண்ணன்கிட்ட சொல்லி நட வச்சேன்."

கம்புகளுக்கு அப்பால் அண்ணன் தன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"லீவு கெடச்சிட்டு. அடுத்த மாசம் வாறேன்" என்றார் கணவர்.

சரி என்றேன். கல்யாணமான இந்தப் பத்து வருடத்தில் முதல் தடவையாக, அவர் என்றைக்கு வருகிறார் என்று நான் தேதி கேட்கவில்லை.