ஒடைச்ச நாள்

தேநீர்க் கேத்தலின் வயிற்றில் உள்ளங்கைகளை ஒற்றி ஒற்றி எடுத்து, ஒன்றோடொன்று தேய்த்துக்கொள்கிறாள் நாகலெட்சுமி. காலைக் குளிரில் கை சூடேறாமல் நோயாளியைத் தொடுவதில்லை. பிறகு காளியாயியின் தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை. முழங்காலைக் கட்டில் சட்டத்தில் ஊன்றுகிறாள்.

"ஜன்னல் பக்கம் திரும்பப் போறோம் பெரியம்மா. பயப்படாதீங்க, நான் விட்டாலும் கட்டில் ஒங்கள விடாது."

பக்கவாதத்தில் பேச்சு நின்றுபோன காளியாயி ஒரு கண்ணை மூடித் திறக்கிறாள். அவ்வளவுதான் அவளால் முடியும். அடுத்த கணம் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

முப்பத்திரண்டு வருடம் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவச்சியாக வேலை செய்தவள் நான். ஆளைத் தூக்கத் தெரிந்தவர் யார், தூக்குகிறேன் என்று இழுப்பவர் யார் என்பது பார்த்ததும் தெரியும். கணுக்கால் முறிந்து இந்த அரசாங்க ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்ட்டில், காளியாயிக்கு அடுத்த கட்டிலில் ஒன்பது நாள் கிடந்தேன். வேறு வேலை இல்லாததால் நாகலெட்சுமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்து நான்கு வயது. மெலிந்த உடம்பு, அகன்ற கை. பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். லோஷன் தண்ணீரில் கை வெளுத்துவிட்டது. ஆட்காட்டி விரலின் வெடிப்புகளில் மட்டும் அந்தப் பழைய கொழுந்துக் கறுப்பு நிற்கிறது. கொரோனாக் காலத்தில் வார்ட்டுக்கு ஆள் கிடைக்காமல் கூப்பிட்டபோது வந்து சேர்ந்தாள். அப்போது பிணங்களைச் சுற்றிக் கட்டியதும் இந்தக் கைதான்.

பெட்பேனைத் துணியால் மூடி, இரண்டு கையிலும் ஏந்தித்தான் கொண்டுபோவாள். எதிர்க்கட்டில் அம்மாக்கண்ணு விடமாட்டாள்.

"என்னாடி, கோயில் பிரசாதமா?"

"ஒங்களோடதுதாங்க அக்கா. வேணும்னா திருப்பித் தாரேன்."

காளியாயிக்குச் சொந்தம் என்று யாரும் வந்ததில்லை. அவளைச் சேர்த்தபோது குதிகாலில் உள்ளங்கை அகலப் படுக்கைப் புண் இருந்ததாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைத்தே அதைப் பயறளவுக்குக் கொண்டுவந்திருந்தாள் நாகலெட்சுமி. அவள் இல்லாத நேரத்தில் யாரும் திருப்புவதில்லை. இரண்டு வார்ட்டுக்கு இரண்டு சிற்றூழியர்கள். மற்றவளுக்கு முதுகு வலி.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் நாகலெட்சுமி அமைய ஊழியர், நிரந்தரமில்லாதவள். ஐந்து மாதமும் இருபத்தொன்பது நாளும் வேலை. அதற்கடுத்த நாள் வரக்கூடாது, கையெழுத்துப் போடக்கூடாது. மறுநாள் புதிதாகச் சேர்ந்தவள்போல் கடிதம் கொடுப்பார்கள். ஆறு மாதம் விடாமல் வேலை செய்துவிட்டால் நிரந்தரம் கேட்கும் உரிமை வந்துவிடும். அது வராமலிருக்க அந்த ஒரு நாள். அவள் அதை "ஒடைச்ச நாள்" என்பாள்.

"வருசத்துக்கு ரெண்டு தடவ என்னையப் புதுசாப் பொறக்க வைக்கிறாங்கம்மா. ஒரு தடவகூட சின்னப் பிள்ளயாப் பொறக்கல."

அந்த நாளிலும் அவள் வராமல் இருந்ததில்லை. முதல் நாள் மாலையே வார்ட்டுத் தாதி சுலக்ஷனா, "அக்கா, நாளைக்குக் கொஞ்சம் வாங்களேன்" என்பாள். சீருடை இல்லாமல் வாயிலைக் கடக்க ஒரே வழி, நோயாளிக்குத் துணையாக வருபவர்களுக்குக் கொடுக்கும் துண்டுச் சீட்டு. காவலாளி சரிபுதீன் அதில் திகதி, கட்டில் இலக்கம், உறவுமுறை எழுதி முத்திரை குத்துவார். "இன்னிக்கு யாருக்கு மகள், தங்கச்சி?" என்று கேட்பார். திரும்பிப் போகும்போது துண்டை வாயிலில் உள்ள கம்பியில் குத்திவிட்டுப் போகவேண்டும். அவள் மட்டும் குத்தமாட்டாள். "எனக்கு வேணும் நானா" என்று மடித்து வைத்துக்கொள்வாள்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். ஆறு வருடத்தில் பதினொரு துண்டு.

போன மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. உடைத்த நாளிலும் வேலை செய்ததற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் சேவையைத் தொடர்ச்சியாகக் கொண்டு நிரந்தரமாக்கலாம். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கவேண்டும். அவளுக்கு அடுத்த மாதம் பதினான்காம் திகதி நாற்பத்தைந்து முடிகிறது. இன்னொரு சந்தர்ப்பம் இல்லை.

அதற்கான நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள் மத்தியானம் துண்டுகளை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். ஓரத்தில் ஊசியால் தைத்து, திகதி வரிசையில் வைத்திருந்தாள்.

"சீல் இருக்குல்லம்மா? திகதி இருக்குல்ல?"

எல்லாம் இருந்தது. பதினொன்றையும் வாசித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, கொண்டுபோ என்றேன். எழுபத்து மூன்று வயதில் கண் நன்றாகத்தான் தெரிகிறது. உறவுமுறை என்ற கட்டத்தையும் பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு வார்ட்டுக்கு வந்தாள். முதலில் காளியாயியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். காலையிலிருந்து யாரும் திருப்பியிருக்கவில்லை. பிறகு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நோயாளியின் கட்டிலில் அவள் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

"மூணு பேர் இருந்தாங்க. நடுவுல இருந்தவருக்குத் தமிழ் தெரியும். நல்லாப் பேசுனாரு. துண்டெல்லாம் பாத்துட்டு, அன்னைக்கி நீங்க யாரா உள்ள போனீங்கன்னாரு. வேலைக்குத்தாங்கன்னேன். இதுல மகள்னு இருக்கே, இதுல மருமகள்னு இருக்கேன்னாரு. மத்தவங்களுக்கும் சிங்களத்துல சொன்னாரு. ஒங்களுக்கு ரொம்பப் பெரிய குடும்பம்னு சொல்லிச் சிரிச்சாங்க."

"நீ என்ன சொன்னாய்?"

"நானும் சிரிச்சிட்டேம்மா."

துண்டு இல்லாதவர்களுக்காவது சந்தேகத்தின் பலன் கிடைத்திருக்கும். இவள் அந்தப் பதினொரு நாளும் தான் ஊழியர் அல்ல என்பதற்கு முத்திரை குத்திய சாட்சியைத் தானே தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். கோப்பில் சேர்த்துக்கொண்டார்களாம். அந்த நாட்களில் வேலை செய்ததாக வார்ட்டுத் தாதி கடிதம் கொடுத்தால் பார்க்கலாம் என்றும், இல்லையென்றால் அவள் இடத்துக்கு நிரந்தரமானவர்களை அனுப்புவோம், இந்தத் தவணையோடு சரி என்றும் சொல்லியிருக்கிறார்கள். தவணை அன்றைக்கே முடிந்தது.

சுலக்ஷனா மேசையில் மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தாள். நாகலெட்சுமி எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

"மிஸ், ஒரு கடுதாசி."

"அக்கா, வேலையில இல்லாத ஆள நோயாளியத் தொட விட்டேன்னு நானே எழுதிக் குடுக்கிறதா?" சுலக்ஷனா நிமிரவில்லை. "என்னையும் தூக்கிருவாங்க அக்கா. எனக்கும் புள்ள இருக்கு."

"சரிங்க மிஸ்."

சுலக்ஷனா எண்ணிய மாத்திரைகளைக் கொட்டி மறுபடி எண்ணினாள். அவளைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அவள் சொன்னது சரி என்றும் சொல்லமாட்டேன். நாகலெட்சுமி சீருடையை மாற்றிக்கொண்டு, அதை மடித்துப் பையில் வைத்து, அம்மாக்கண்ணுவின் பெட்பேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு விழித்திருந்தேன். எங்கள் ஜன்னலுக்கு நேர்கீழே வாயில். வெந்நீர்ப் போத்தலும் கையுமாக நின்ற சொந்தக்காரர்களின் வரிசையில், பழைய ஸ்வெட்டரும் சேலையுமாக அவளும் நின்றாள்.

"யாருக்கு, தங்கச்சி?" என்றார் சரிபுதீன். அன்று அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"காளியாயிக்குத்தாங்க நானா."

"முறை?"

"எதையாச்சும் போடுங்க."

மேலே வந்து கேத்தலில் கையை ஒற்றினாள். காளியாயியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். குதிகாலைப் பார்த்து, தலையணையைக் கெண்டைக்காலுக்கடியில் தள்ளி, விரிப்பை இழுத்துவிட்டாள். "எட்டு மணிக்குச் சுவத்துப் பக்கம்னு யார்கிட்டயாச்சும் சொல்லிருங்கம்மா" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

கீழே வாயிலில் நின்று, ஸ்வெட்டர் பையிலிருந்து துண்டை எடுத்தாள். மடிப்பை நீவி, மற்றவர்களுடையதோடு சேர்த்துக் கம்பியில் குத்திவிட்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.