நீலம் என்று சொன்ன பிறகு

வாயில் வைத்த இட்லியோடு லூர்துராணி மேலே பார்க்கிறார். மின்விசிறி ஒரு சுற்று மெதுவாகச் சுற்றிவிட்டதாம். "வோல்டேஜ் இறங்குது. எங்கயோ மரம் உரசுது" என்கிறார். "இட்லியையும் கொஞ்சம் பாரு" என்கிறார், பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் கணவர் அருள்ராஜ்.

ஸ்ரீரங்கத்தில், மின்பாதைகளைப் பராமரிக்கும் ஒரு சின்ன ஒப்பந்த நிறுவனத்தில் லூர்துராணிக்குக் கணினி வேலை. முக்கொம்பு வரைக்கும் உள்ள கம்பங்களும் டிரான்ஸ்ஃபார்மர்களும் அவர் பார்க்கும் மென்பொருளுக்குள் ஒரே படமாக, கோடுகளாகக் கிடக்கின்றன. எங்கே கம்பி அறுந்தால் என்ன ஆகும், எந்த சுவிட்சை இறக்கினால் எந்தப் பாதை அடங்கும், எல்லாவற்றையும் அது கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். கரண்ட் இருந்தால் கோடு சிவப்பு, இல்லையென்றால் நீலம். இவர் போனில் நீலம் என்று சொன்ன பிறகுதான் லைன்மேன் பிச்சமுத்து கம்பத்தில் கால் வைப்பார். அவர் வேலை முடிந்து இறங்கும்வரை இவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். "குடிச்சா பாத்ரூம் போகணும். அந்த நேரம் பாத்து போன் வந்துட்டா?"

போன செவ்வாய்க்கிழமையும் நீலம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தப் பாதையில் இருக்கும் அரிசி ஆலையில் புதிதாக ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள் என்று பிச்சமுத்துதான் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். படத்தில் அதைச் சேர்க்க இவர் மறந்துபோயிருந்தார். கரண்ட் போனதும் ஆலையில் ஜெனரேட்டரைப் போடுவார்கள். இணைப்பில் கோளாறு இருந்தால் அந்த மின்சாரம் பின்பக்கமாகக் கம்பிக்கு ஏறிவிடும். மென்பொருள் பாவம், சொல்லாததை அது எப்படி அறியும்? திரையில் இன்னமும் நீலம்தான்.

போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஏறும்போது போனை வண்டிப் பெட்டியில் போட்டுவிடுவது பிச்சமுத்துவின் வழக்கம். மறுபடி போட்டார். "என்னக்கா, முகமே வெளுத்துப்போச்சு?" என்று பக்கத்து இருக்கை ஜோதி கேட்டது அவர் காதில் விழவில்லை. ஒரு மனுஷரைக் கொன்றுவிட்டோமோ என்று பயந்தபடி மூன்றாம் முறை போட்டார்.

கடைசியில் பிச்சமுத்து எடுத்தார். "சொல்லுங்க மேடம். டீக்கடைல இருந்தேன், போன் வண்டில கெடந்துச்சு. இந்தா, ஏறப் போறேன்."

"ஏறாதீங்கண்ணே! நான் சொன்னது தப்பு. மில்லுல ஜெனரேட்டர் ஓடுதா பாருங்க."

"ஆமாங்க. சத்தம் கேக்குது."

"மொதல்ல அதை நிறுத்தச் சொல்லுங்க. நான் சொல்ற வரைக்கும் கம்பத்தத் தொடாதீங்க. இன்னொரு டீ குடிங்க, போங்க."

போனை வைத்துவிட்டு, படத்தில் ஆலைக்குப் பக்கத்தில் ஜெனரேட்டரைச் சேர்த்தார். நீலக் கோடு கம்பம் கம்பமாகச் சிவந்துகொண்டே போனது. பிச்சமுத்து ஏறப்போன கம்பத்தையும் அந்தச் சிவப்பு தாண்டியது.