குழாய் வழியே போன சூடு

தேயிலை எஸ்டேட்டில் ஓய்வு கொடுத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபின், மிக்கேல்ராஜும் அவர் மனைவி இன்பமேரியும் மூணாறுக்கு மேலே ஒரு தகரக் கூரை வீட்டுக்குக் குடிவந்தார்கள். பனிக்காலத்தில் வாசற்புல் உறைந்து வெளுத்துக் கிடக்கும். இன்பமேரிக்கு மூட்டுகள் இறுகிப்போகும், டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. பழைய அடுப்பில் சூட்டைவிடப் புகைதான் அதிகம். அதனால் மிக்கேல்ராஜ் போன டிசம்பரில் கதவு வைத்த இரும்புக் கணப்பு ஒன்றை வாங்கினார்.

கடைக்காரர் அதில் ஒட்டியிருந்த சீட்டைத் தொட்டுக் காட்டினார். “எழுபத்தஞ்சு சதவீதம்னு போட்டிருக்கு பாருங்க. எரியிற விறகுல முக்கால்வாசி சூடு ரூமுக்குள்ளயே நிக்கும்.”

“மிச்ச கால்வாசி?”

“குழா வழியா மேல போயிரும்.”

அந்தக் கால்வாசி மிக்கேல்ராஜை அரித்தது. சரிவில் பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்த விறகு. கூரைக்கு மேல் நீட்டியிருந்த குழாயை ஏணி வைத்து ஏறித் தொட்டுப் பார்த்தார், கை சுட்டது. இந்தச் சூடு இன்பமேரியின் முழங்காலுக்குப் போக வேண்டியதல்லவா?

புகைதான் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். ஆகவே விறகு எரிந்து, புகை அடங்கி, கனல் மட்டும் மிஞ்சும்வரை பொறுத்திருந்தார். பிறகு குழாயின் வாயைத் தகரத்தால் மூடினார். ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியைத் திணித்தார். அறை சுகமாகக் கதகதத்தது.

“தல பாரமா இருக்குங்க,” என்றாள் இன்பமேரி மறுநாள்.

“குளிர் ஏறிருக்கும் புள்ள. இன்னும் கிட்ட வந்து உக்காரு.”

நாற்காலியை அவரே நகர்த்திப் போட்டார். அன்று சாயங்காலமும் குழாயை மூடிவிட்டுப் பால் வாங்கப் போய்த் திரும்பியபோது அவள் தலை தொங்கிக் கிடந்தது. உலுக்கினார். கண் திறக்கவில்லை. அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் ஜோபி ஓடிவந்தான். இருவருமாக வெளியே தூக்கினார்கள். குளிர்காற்று பட்டதும் அவள் வாந்தியெடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஆக்சிஜன் வைத்துவிட்டு விசாரித்தார். மிக்கேல்ராஜ் ஒன்றையும் மறைக்கவில்லை.

“அந்தச் சூடு வீணாப் போகலைங்க ஐயா,” என்றார் டாக்டரம்மா. “அதுதான் விஷக்காத்த மேல இழுத்துட்டுப் போகுது. புகை இல்லாத கனல்லயும் அது வரும். வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது.”

“சீட்டுல அப்படி எழுதலயேம்மா,” என்றார். சொன்ன பிறகு தனக்கே கூசியது.

இன்பமேரி பிழைத்தாள். ஆனால் முன்போல் இல்லை. பேசிக்கொண்டே இருப்பாள், பாதியில் சொல் மறந்து நின்றுவிடுவாள். ஒருநாள் நேராகவே கேட்டாள்.

“நீங்கதான மூடுனீங்க?”

“ஒனக்காகத்தான் மேரி...”

“தெரியும்.” திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை.

தகரம் போய்விட்டது, துணிகளும் போய்விட்டன. கணப்பு மட்டும் எரிகிறது, ஏனென்றால் குளிர் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. இன்பமேரி ஜன்னலை அகலத் திறந்துவைத்து அதன் அருகிலேயே கம்பளியோடு உட்காருகிறாள். பல் கிட்டுகிறது. கிட்ட வா என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. அவள் கண்ணயரும்போதெல்லாம் எழுந்துபோய், மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறார்.