அம்மாவின் ரெண்டாம் சாடி

மருமகன் பெங்களூரிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். சிவப்பு ஒயின். பிரான்சில் பேர்பெற்ற ஒரு தோட்டத்துச் சரக்காம். முதல் தரத் திராட்சையெல்லாம் தோட்டத்தின் பெரிய பேர் போட்ட பாட்டிலுக்குப் போய்விடுமாம். இளஞ்செடியில் காய்த்ததும் கழித்துவைத்ததும் ரெண்டாவது பேரில் வருமாம். விவரம் தெரிந்தவர்கள் இதைத்தான் தேடி வாங்குவார்கள் என்று சொல்லிக்கொண்டே கிளாசைச் சுழற்றி மோந்து பார்த்தார். "தோல் வாசம் வருது பாருங்க அத்தை" என்றார். தோல் வாசத்துக்கு எதுக்கப்பா பிரான்சு? அந்தக் காலத்துத் திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்புப் பக்கமிருந்து காற்றடித்தால் சோற்றுத் தட்டு வரைக்கும் வருமே. சிரித்துக்கொண்டே நானும் ஒரு வாய் குடித்தேன். நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் துவர்ப்பு நாக்கில் பட்டதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மருமகன் மேல் இல்லை, அந்தப் பிள்ளை பாவம்.

ஊருக்குத் தெற்கே செம்மண் காட்டில் அப்பா பன்னீர் திராட்சை போட்டிருந்தார். வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் பிரான்சிலிருந்து கொண்டுவந்து நட்ட செடியின் வம்சம் என்பார்கள். மெய்யோ பொய்யோ, எங்களுக்கு அதில் ஒரு பெருமை. அறுப்பில் முதல் கூடை மாதா கோயிலுக்கு, பூசையில் வைக்கிற திராட்சை ரசத்துக்கு. ஒவ்வொரு பழமாகப் பார்த்து எடுத்துக் கொடுப்போம். பொடிப்பழமும் வெடித்த பழமும் வீட்டுக்கு. அதை அம்மா ஊறுகாய்ச் சாடியில் பிசைந்து, சர்க்கரையும் கிராம்பும் போட்டு, வாயில் துணி கட்டி அடுப்படி மூலையில் வைத்துவிடுவாள். கோயிலுது முதல் சாடி, எங்களுது ரெண்டாம் சாடி. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

மதுவிலக்குக் காலம் அது. கோயில் சாடிக்குச் சர்க்கார் பர்மிட் இருந்தது, எங்களுதுக்கு இல்லை. அம்மாவுக்கு இதெல்லாம் மதுவில் சேரும் என்றே தோன்றியதில்லை. குடிகாரனை வாசலில் நிற்க விடமாட்டாள். மாதா சபைத் தலைவி வேறு. ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் சபை அடையாளமான நீல நாடாவும் மாதா சுரூபமும் போட்டு முன்வரிசையில் நின்றால் எனக்கே பேசப் பயமாயிருக்கும்.

கிறிஸ்மஸ் அன்றைக்கு எங்கள் வீட்டுக் கதவைச் சாத்துவதே இல்லை. தெருவே வரும். எல்லாருக்கும் அதிரசம், முறுக்கு. பெரியவர்களுக்கு மட்டும் ஒரு மடக்கு ரசம். பக்கத்து வீட்டுப் பாய் குடும்பத்துக்குப் பலகாரம் மட்டும். அந்த மரியாதையெல்லாம் அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த வருஷம் தெருவுக்குப் புதிதாக ஒரு போலீஸ் ஏட்டு குடிவந்திருந்தார். அவரும் பண்டிகைக்கு வந்தார். அம்மா செய்த தப்பு என்ன தெரியுமா? ஆபீசர் மனுஷனுக்கு ஒரு மடக்குக் கொடுத்தால் குறைவாய் நினைப்பாரே என்று, காப்பி டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தாள்.

அந்த மகராசன் ரசித்ததைப் பார்க்கணுமே! இனி அவனுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது. வாயில் வைத்து உருட்டினான், கண்ணை மூடினான், மீசையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு டம்ளர் கேட்டான். பக்குவம் கேட்டான். அம்மா பூரித்துப்போய், சாடி இருக்கிற மூலை வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டினாள். மறுநாள் காலையில் ரெண்டு போலீசோடு வந்து நேரே அந்த மூலைக்குத்தான் போனான். சாடியோடு அம்மாவையும் தெருவழியே நடத்திக் கூட்டிப்போனான். குடித்தவன் அவன், குற்றவாளி எங்கம்மா.

அப்பா கோயிலுக்கு ஓடி, ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க சாமி என்று கையெடுத்துக் கும்பிட்டார். "நான் வந்தா கோயில் பர்மிட்டுக்கே ஆபத்துப்பா" என்று சொல்லிவிட்டார் சாமியார். எங்கள் முதல் கூடை மட்டும் அவருக்கு வேண்டியிருந்தது. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டபோது, "நான் சாராயம் காய்ச்சலைங்கய்யா, பழத்தை ஊறத்தான் வச்சேன்" என்றாள் அம்மா. கறுப்புக் கோட்டெல்லாம் சிரித்தது. சிரித்துவிட்டு அபராதம் போட்டார்கள்.

அடுத்த ஞாயிறு சபைப் பெண்கள் ரெண்டு பேர் வந்து நீல நாடாவைக் கேட்டார்கள். சாராயக் கேசில் போனவள் சபையில் இருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்களாம். வருஷா வருஷம் எங்கள் ரெண்டாம் சாடியைக் குடித்த வாய்கள்தான் அவையும். அம்மா மடித்துக் கொடுத்தாள். மறு கிறிஸ்மஸுக்குக் கதவைச் சாத்தினாள். அப்பா திராட்சைப் பந்தலைப் பிரித்து, செடியையெல்லாம் வேரோடு வெட்டிப்போட்டார். கோயிலுக்கும் இல்லை, வீட்டுக்கும் இல்லை. இப்போது அங்கே வீட்டுமனை போட்டு விற்றாயிற்று. மதுவை விலக்கிய அரசாங்கம் பின்னால் தானே கடை நடத்தியது. அவர்கள் வீட்டில் யாரையும் தெருவில் நடத்திப்போகவில்லை.

அதற்குள் அம்மா போய்விட்டாள். சபைக்காரி செத்தால், பெட்டிக்கு முன்னால் சபைக் கொடியைப் பிடித்துக்கொண்டு பெண்கள் செபம் சொல்லிப் போவார்கள். படுக்கையில் கிடந்தபோது அம்மா என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். "சபைக் கொடி வருமாடி?" வரும்மா என்றேன். வரவில்லை. சபைப் பெண்கள் கூட்டத்தோடு கூட்டமாய்ப் பின்னால் வந்தார்கள். பெட்டிக்கு முன்னால், கொடி போகவேண்டிய இடத்தில், அப்பா வெறுங்கையோடு நடந்து போனார்.